தாய் வேலைக்குப் போனால் தொட்டிலை ஆட்டுவது யார்?

சாயங்காலம் 6 மணி. அயோத்தியாப்பட்டணத்தில் வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரம். அதே சமயம் சீனாவில் இரவு எட்டரை மணி. அங்கே குழந்தைகளைத் தூங்க வைக்கும் வேளை.

ஒரு வீட்டை மனதில் எண்ணிப் பாருங்கள். திண்ணையில் ஓர் ஆயா உட்கார்ந்திருக்கிறாள். சேலம் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயாவின் மகள் என்ஜினீயரிங் படித்தவள். கணவனோடு சீனாவில், ஷாங்காய் நகரத்தில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் அங்கே உத்தியோகம். மூத்தவன் 3 வயதுப் பையன். இளையது கைக்குழந்தை.

ஆயாவின் கையில் செல்போன். பேரன் முகத்தைப் பார்க்க வேண்டும். அது லேசான காரியம் அல்ல.

நம் ஊரில் எல்லோரும் பேசுவது வாட்ஸ்அப்பில். சீனாவில் அதற்குத் தடை. சீனாக்காரர்கள் பேசுவது வீ-சாட்டில். அதை இந்தியா 2020 ஜூன் மாதம் தடை செய்துவிட்டது. அங்கே இது கிடையாது. இங்கே அது கிடையாது. சுற்றி வளைத்து வேறு ஏதாவது வழியில்தான் பேச வேண்டும். படம் வந்தால் குரல் வராது. குரல் வந்தால் படம் நின்றுவிடும்.

"பையன் சாப்பிட்டானா, கண்ணு?"

"சாப்பிட்டான்மா. பள்ளிக்கூடத்துலயே சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கறாங்க. சின்னதுதான் என்ன பண்றதுன்னு தெரியல. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகணும்."

பேரன் நடுவே வந்து எட்டிப் பார்க்கிறான். "வைப்போ!" என்று கத்துகிறான்.

"என்னடி, என்னை வையறானா?" என்று ஆயா கேட்கிறாள்.

அவன் வையவில்லை. சீன மொழியில் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு 'வைப்போ' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். மகள் சிரித்துக்கொண்டே விளக்குகிறாள். ஆயாவும் சிரிக்கிறாள். ஆனால் மகள் சொன்ன கடைசி வார்த்தை ஆயாவின் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் அவள் வேலைக்குப் போனால், கைக்குழந்தையை யார் பார்ப்பது?

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்ததாகச் சொல்லும் கதை அல்ல. ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றவர்கள் ஊரிலுமாக இருக்கும் வீடுகள் இன்று சேலம் ஜில்லாவில் அபூர்வமும் அல்ல.

நாலு பேர் கேட்கும் கேள்வி

'கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெண் பிள்ளை அவ்வளவு தூரம் போவானேன்?' என்று தெருவில் நாலு பேர் கேட்பார்கள். மகன் போயிருந்தால் அந்த நாலு பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். 'பையன் சீனாவில் சம்பாதிக்கிறான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அவனுக்கும் குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை.

கேள்வி தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. அதுதான் இதில் உள்ள கோளாறு. தாய் ஏன் வேலைக்குப் போனாள் என்று கேட்டுப் பயன் இல்லை. போகாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. அவளுடைய உழைப்பை வாங்கிக்கொள்கிறவர்கள் குழந்தைக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

சீனாவில் என்ன நடந்தது?

இதைப் புரிந்துகொள்ள சீனாவையே பார்க்கலாம்.

சீனாவிலும் தாய்மார்கள் வேலைக்குப் போகிறவர்கள்தான். 1949-ல் புதிய ஆட்சி வந்த பிறகு பெண்களை வயலுக்கும் ஆலைக்கும் அழைத்தார்கள். பெண்கள் வந்தால் குழந்தைகள் எங்கே போகும்? ஆகவே அரசாங்க ஆலைகள் தங்கள் வளாகத்திலேயே குழந்தைக் காப்பகம் வைத்தன. தாய் ஆலைக்குள் நுழையும்போது குழந்தையைக் காப்பகத்தில் விடுவாள். நடுவே வந்து பால் கொடுப்பாள். சங்கு ஊதியதும் குழந்தையோடு வீடு திரும்புவாள்.

1990-ஆம் ஆண்டுகளில் காற்று மாறியது. ஆலைகள் லாபக் கணக்குப் பார்க்கத் தொடங்கின. குழந்தைக் காப்பகம் வீண் செலவாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக மூடினார்கள். பிறகு 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை யார் பார்த்தார்கள்? பாட்டி பார்த்தாள். அங்கே ஆலைத் தொழிலாளியான பெண் 50 வயதில் ஓய்வு பெற்றுவிடுவாள். அலுவலகத்தில் இருப்பவள் 55 வயதில். ஓய்வு பெற்ற கையோடு பேரனைத் தூக்கிக்கொள்வாள். நகரத்துப் பூங்காக்களில் காலை நேரத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறவர்களில் தாயைவிடப் பாட்டிகளையும் தாத்தாக்களையும்தான் அதிகம் பார்க்கலாம்.

பாட்டி இல்லாதவர்கள் பணம் கொடுத்து ஆள் வைத்தார்கள். அப்படி வீட்டு வேலைக்கும் குழந்தை பார்க்கவும் வருகிற பெண்ணுக்குச் சீன மொழியில் என்ன பெயர் தெரியுமா? 'ஆயி'. நம் ஆயாவின் தங்கை போல இருக்கிறது! இரண்டு சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. அது அவர்கள் மொழியில் சின்னம்மா முறையைக் குறிக்கிற சொல். தாய் வயதுள்ள எந்தப் பெண்ணையும் குழந்தைகள் அப்படிக் கூப்பிடும். ஆனாலும் ஷாங்காயில் இருக்கிற சேலத்துப் பெண்ணுக்கு அந்தச் சொல் காதில் விழும்போது நெஞ்சு என்னமோ செய்யத்தானே செய்யும்?

பிரசவ காலத்திலும் அவர்களுக்கும் நமக்கும் ஒற்றுமை உண்டு. பிள்ளை பெற்றவள் அங்கே ஒரு மாதம் வெளியே வர மாட்டாள். குளிர்ந்த தண்ணீரைத் தொடக் கூடாது. காற்றுப் படக் கூடாது. இஞ்சியும் முட்டையும் சூடான சாறும் கொடுப்பார்கள். நம் ஊரில் பூண்டும் பிரசவ மருந்தும் பத்தியச் சோறும் கொடுப்பது போலத்தான். ஆனால் அந்த ஒரு மாதமும் பக்கத்தில் ஒரு மூத்த பெண் வேண்டும். அயலூரிலிருந்து போனவளுக்கு அவள் எங்கே கிடைப்பாள்?

தாயை வரவழைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வரவழைக்கலாம். விசா காலம் முடிந்ததும் திரும்பி வந்தாக வேண்டும். அதுவும் எல்லாக் காலத்திலும் நடக்கிற காரியம் அல்ல. கொரோனா வந்தபோது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடி விமானம் நின்றது. அது மறுபடி பறக்கத் தொடங்கியது 2025 அக்டோபர் மாதத்தில்தான். 2020 நவம்பரில் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சீனா கதவை மூடியது. விசா வைத்திருந்தவர்களையும் விடவில்லை. வேலைக்கும் குடும்பத்தோடு சேரவும் மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஜூன் மாதத்தில். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம்! விடுமுறைக்கு ஊருக்கு வந்த தாயோ தகப்பனோ இங்கேயே மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கைக்குழந்தைக்கு ஒன்றரை வருஷம் என்பது ஓர் ஆயுசு. உட்காராத பிள்ளை நடந்து பேசத் தொடங்கிவிடும்.

இனி சட்டத்தைப் பார்க்கலாம். சீனாவில் பிரசவ விடுமுறை 98 நாள். ஷாங்காய் நகரம் அதற்கு மேல் 60 நாள் சேர்த்துக் கொடுக்கிறது. மொத்தம் 158 நாள். அதாவது 5 மாதம். 3 வயது ஆனபிறகு குழந்தைகள் பள்ளியில் சேர்க்கலாம். காலையில் விட்டால் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாடு போட்டு, சின்னச் சின்னக் கட்டிலில் தூங்க வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 5 மாதத்துக்கும் 3 வயதுக்கும் நடுவே இரண்டரை வருஷம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் தாய்மார்கள் விழுகிறார்கள்.

விழ மனம் இல்லாதவர்கள் பிள்ளையே பெறாமல் இருந்துவிட்டார்கள்! 2016-ல் சீனாவில் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 78 லட்சம். 2023-ல் பிறந்தவை 90 லட்சம். ஏழே வருஷத்தில் பாதி. 'ஒன்றுக்கு மேல் பெறாதே' என்று பல வருஷம் மிரட்டிய அரசாங்கம் 2021-ல் 'மூன்று பெற்றுக்கொள்' என்றது. யாரும் அசையவில்லை. 2022-ல் சீனாவின் ஜனத்தொகையே குறையத் தொடங்கியது. அரசாங்கம் பயந்துபோய் 2025-ல் ஒரு திட்டம் அறிவித்தது. 3 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷத்துக்கு 3,600 யுவான். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். சீனக் குடிமக்களின் குழந்தைகளுக்கு மட்டுமே அது. நம் பெண்ணின் கைக்குழந்தைக்குக் கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. பெண்களின் ஓய்வு வயதை 2025 ஜனவரி முதல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். 15 வருஷத்தில் 50 என்பது 55 ஆகும். 55 என்பது 58 ஆகும். பிள்ளை பெறச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியை ஆலையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். மூடிய காப்பகங்களை மூடாமலே வைத்திருந்தால் இத்தனை தொல்லை வந்திருக்குமா?

மலாய் நாட்டு ஆயாக் கொட்டகை

அயலூரில் பிள்ளை வளர்ப்பது தமிழ்த் தாய்க்குப் புதிது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்தபோது, சேலம் ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பெண்களும் போனார்கள். அவர்கள் வீட்டுக்காரிகளாக மட்டும் போகவில்லை. கூலிக்காரிகளாகப் போனார்கள்.

ரப்பர் மரத்தில் விடியுமுன் பால் வெட்டவேண்டும். வெயில் ஏறினால் பால் ஊறுவது குறையும். ஆகவே தாய் இருட்டிலேயே கிளம்பிவிடுவாள். கைக்குழந்தையை எங்கே விடுவாள்? தோட்டத்தில் ஒரு கொட்டகை இருக்கும். வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். வேலைக்குப் போக முடியாத வயசான ஒருத்தி பார்த்துக்கொள்வாள். அவளுக்குத் தோட்டத்தில் சம்பளம் உண்டு. அந்த இடத்துக்கு 'ஆயாக் கொட்டகை' என்றே பெயர். இலங்கைத் தோட்டங்களில் அதைப் 'பிள்ளைக் காம்பரா' என்றார்கள்.

தோட்டத் துரைக்கு என்ன இரக்கமா? இல்லை. தாயின் இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டும். கையில் பிள்ளை இருந்தால் கத்தி பிடிக்க முடியாது. அந்தக் கணக்கில் போட்டது கொட்டகை. அது சொர்க்கமும் அல்ல. ஒரு கிழவி, கைக்கு எட்டாத அளவு குழந்தைகள், ஒன்றுக்குச் சளி வந்தால் எல்லாவற்றுக்கும் சளி. ஆனாலும் அதில் ஒரு விஷயம் ஒத்துக்கொள்ளப்பட்டது. கூலிக்கு ஆள் கூப்பிட்டவன்தான் தூளிக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற விஷயம். வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்த கணக்கு இன்றைய முதலாளிகள் பலருக்குத் தெரியவில்லை.

தாயின் மேல் பழி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையே உதாரணம். 2013-ல் அந்த அரசாங்கம் ஒரு கட்டுப்பாடு போட்டது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது! தகப்பனுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. குழந்தை மேல் அக்கறை என்று சொன்னார்கள். 2022-ல் நாட்டில் பணக் கஷ்டம் வந்தது. டாலர் வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். குழந்தையைப் பார்க்க ஆள் வந்துவிட்டதா என்ன?

நம் ஊர் யாருக்குச் சீனா?

இனி அயோத்தியாப்பட்டணத்துக்கே திரும்பலாம். சேலத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். ஆத்தூர் போகிற ரஸ்தாவில் இருக்கிறது. ராமர் இலங்கையிலிருந்து திரும்பும்போது, முடிசூட்டு நேரம் நெருங்கிவிட்டதால் இங்கேயே பட்டாபிஷேகம் செய்துகொண்டார் என்று ஊர்க் கதை. அதனால் இந்தப் பெயர். கோதண்டராமர் கோயிலின் தூண்களைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

ராமர் பெயரில் ஊர் இருக்கட்டும். சீதை தன் இரண்டு பிள்ளைகளை எங்கே வளர்த்தாள்? அயோத்தியிலும் இல்லை, மிதிலையிலும் இல்லை. காட்டில், வால்மீகி ஆசிரமத்தில். சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள். முனிவர் அவளை ஆசிரமத்துப் பெண்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ராமாயணம் கேட்கிற யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அந்த ஆசிரமத்துப் பெண்களின் இடத்தில் இன்று இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் நூற்பாலைகள் இருக்கின்றன. ஜவ்வரிசி ஆலைகள், செங்கல் சூளைகள், கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தனி ஆளாக வருகிறவர்கள் உண்டு. மனைவி மக்களோடு வருகிறவர்களும் உண்டு. மனைவியும் வேலை செய்வாள்.

அவளுக்கு இந்த ஊர் எப்படி இருக்கும்? பஸ்சில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. மருந்துக் கடையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லத் தெரியாது. தலையைத் தொட்டுக் காட்டுவாள். சாம்பார் சாதம் குழந்தைக்குப் பிடிக்காது. மாமியார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள். ஷாங்காயில் நம் பெண் படுகிற அத்தனை பாட்டையும் அவள் இங்கே படுகிறாள். நம் பெண்ணுக்குச் சம்பளமாவது நிறைய. ஆள் வைத்துக்கொள்ளலாம். இவளால் அதுவும் முடியாது. சீனா என்பது தூரத்தில் மட்டும் இருப்பது அல்ல. ஒடிசாக்காரிக்கு நம் ஊர்தான் சீனா!

அவள் குழந்தையை எங்கே விடுகிறாள்? பல இடங்களில் ஏழு வயது அக்காவிடம் விடுகிறாள். அந்த அக்கா பள்ளிக்கூடம் போக மாட்டாள். இடுப்பில் தம்பியோடு சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அப்படி ஒரு பெண் குழந்தையைப் பார்த்தவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே பாழாவது ஒரு குழந்தை அல்ல, இரண்டு.

நம் ஊர்ப் பெண்ணுக்கும் இதே கஷ்டம்தான். முன்பு நெசவு வீட்டில் தறி ஓடும்; பக்கத்திலேயே தூளி தொங்கும். தாய் ஒரு காலால் மிதி மிதிப்பாள். ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுப்பாள். இப்போது வேலை வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. தொழிற்சாலை வேலைக்குப் போகும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமைப்படலாம். ஆனால் தறி வெளியே போனபோது தூளி கூடவே போகவில்லையே!

'ஆயா இருக்கிறாளே, அவள் பார்க்கட்டும்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆயாவுக்கு வயது எத்தனை? 48 இருக்கும். அவளே களை எடுக்கப் போகிறாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறாள். அவள் கூலி நின்றால் அந்த வீட்டில் ஒரு வருமானம் நிற்கும். ஆயா சும்மா கிடைக்கிற ஆள் அல்ல.

தகப்பன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அவனும் தூளி ஆட்டலாம். கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் இருந்தால் அவனாலும் ஆகாது.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 2017-ல் பிரசவச் சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம். தாய் தினமும் 4 தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 2025 நவம்பர் மாதம் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களிலும் 50 பேர் என்ற கணக்கு இருக்கிறது.

26 வாரம் என்பது சீனாவின் 158 நாளைவிட அதிகம். சரி. ஆனால் சட்டம் யாரைத் தொடுகிறது? காப்பக விதி 49 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொடவில்லை. வீட்டு வேலைக்காரியைத் தொடவில்லை. சூளையில் ஒப்பந்தக்காரன் மூலம் வருகிறவர்களுக்குப் பேர் பதிவே இருக்காது. பதிவு இல்லாதவளுக்கு ஏது பிரசவச் சலுகை? காப்பகம் என்று பலகை தொங்கும் இடங்களிலும் உள்ளே போய்ப் பார்த்தால் நூல் மூட்டை அடுக்கியிருப்பதுண்டு. அதிகாரி வரும் நாளில் மூட்டை வெளியே போகும். தொட்டில் உள்ளே வரும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. முட்டை கொடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். வெளி மாநிலக் குழந்தையையும் சேர்க்கலாம். இத்தனையும் நல்லதுதான். ஆனால் காலை ஷிப்டுக்குத் தாய் கிளம்பும்போது அங்கன்வாடிக் கதவு திறந்திருக்காது. பிற்பகலில் மூடிவிடுவார்கள். தாய் திரும்ப இருட்டிவிடும். 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அங்கே விட்டுப் போகவும் வழி இல்லை. சீனாவில் இருக்கும் அதே பள்ளம், இங்கேயும் இருக்கிறது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 1969-ல் டில்லியில் கட்டட வேலை நடந்த ஓர் இடத்தில், மீரா மகாதேவன் என்ற பெண்மணி புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். அங்கேயே ஒரு கூடாரம் போட்டார். தொட்டில் கட்டினார். வேலை முடிந்து கூலியாட்கள் அடுத்த இடம் போனால் கூடாரமும் கூடவே போகும். 'மொபைல் கிரெஷ்' என்று அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. சூளைக்கும் அது பொருந்தும். சூளையும் சீசனுக்கு நடப்பதுதானே?

2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஓர் அருமையான விதி இருந்தது. நூறு நாள் வேலை என்று ஜனங்கள் சொன்ன சட்டம்தான். வேலை நடக்கும் இடத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களிலேயே ஒருத்தி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே கூலி. மலாய் நாட்டு ஆயாக் கொட்டகையே சட்டப் புத்தகத்துக்குள் வந்தது போல இருந்தது!

செலவு யார் தலையில்?

ஒரு சூளை முதலாளியால் தனியாகக் காப்பகம் நடத்த முடியாது என்பது உண்மைதான். பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். அங்கன்வாடி கட்டடம் காலை 6 மணி முதல் 9 மணி வரை பூட்டித்தான் கிடக்கிறது. சாயங்காலமும் பூட்டித்தான் கிடக்கிறது. பேரூராட்சியும் ஆலைக்காரர்களும் பேசி, அந்த நேரத்துக்கு இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைக்கலாம். ஒருத்தி தமிழ் பேசுகிறவள். இன்னொருத்தி ஹிந்தியோ ஒடியாவோ தெரிந்தவள். வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணே அதற்குக் கிடைப்பாள். அழுகிற குழந்தைக்குத் தன் தாய் பேசுகிற மொழி காதில் விழுந்தால் பாதி அழுகை நிற்கும்.

'இதெல்லாம் வீண் செலவு' என்கிற முதலாளிகள் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெண்கள் எத்தனை நாள் வராமல் நிற்கிறார்கள்? வேலை பழகிய பெண் பிரசவத்தோடு நின்றுவிட்டால் புது ஆளுக்குப் பழக்க எத்தனை மாதம்? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைகூடப் பிறப்பதில்லை. இருபது வருஷம் கழித்து வேலைக்கு ஆள் எங்கே என்று தேடும்போது, சீனாவைப் போல 40,000 ரூபாய் கொடுத்துக் கெஞ்ச வேண்டிவரும்.

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிற ஆள் ஒருத்தி உண்டு. தொட்டிலை ஆட்டுகிறவள். அங்கன்வாடி ஆயா ஆனாலும், ஆலைக் காப்பகத்து ஆயா ஆனாலும், பத்து இருபது குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, தூங்க வைக்கிறாள். அவளுக்குக் கொடுப்பது பல இடங்களில் கடைசிச் சம்பளம். காப்பகத்துக்கு மட்டமான சம்பளம் கொடுத்தால் மாதத்துக்கு ஓர் ஆயா மாறுவாள். குழந்தை முகம் பழகுமுன் ஆள் போய்விடுவாள். நூல் இழை அறுந்தால் முடி போட ஆலையில் தேர்ந்த ஆள் வைக்கிறார்கள். நல்ல கூலியும் கொடுக்கிறார்கள். பிள்ளை பார்க்கிறவளுக்கு மட்டும் ஏன் கடைசி இடம்?

அந்த ஆயாவுக்கும் வீடு உண்டு. அவளும் காலை 6 மணிக்கு வந்துவிட்டால், அவளுடைய பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்று இதுவரை யாராவது கேட்டதுண்டா?